வெயிலும் நிழலும் ஒரே படத்தில்: எச்டிஆர் செய்வது எப்படி?

முற்றம் வைத்த பழைய வீடு ஒன்றை நண்பகலில் படம் எடுக்கிறீர்கள். முற்றத்தில் வெயில் கொளுத்துகிறது. தாழ்வாரம் இருண்டு கிடக்கிறது. முற்றத்துக்கு ஏற்றபடி எடுத்தால் தூண்கள் கருத்துவிடும். தூண்களுக்கு ஏற்றபடி எடுத்தால் முற்றம் வெளுத்துவிடும். இரண்டும் தெளிவாக வேண்டுமா? அதற்குத்தான் எச்டிஆர்.

எச்டிஆர் என்றால் என்ன? ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் (சென்சாரில் விழும் வெளிச்சத்தின் அளவு) சில படங்களாக எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாகப் பதிந்த பகுதிகளை மென்பொருளால் ஒரே படமாகச் சேர்ப்பது. யோசனை பழையது. 1850களிலேயே பிரான்சைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று இரண்டு நெகடிவ்களை இணைத்து அச்சிட்டார்.

ஒரே படத்தை எடுத்து, நிழலை மென்பொருளில் ஏற்றினால் போதாதா? ரா கோப்பாக (சென்சார் பதிந்ததைக் கேமரா மெருகேற்றாமல் தரும் கோப்பு) எடுத்திருந்தால் சில சமயம் போதும். ஆனால் முழுக்க வெளுத்த இடத்தில் தகவலே இருக்காது. அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கடும் இருளை ஏற்றினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பும்.

எத்தனை படங்கள் வேண்டும்? பெரும்பாலும் 3. நடுப்படம் 1/60 நொடி என்றால் மற்ற இரண்டும் 1/250, 1/15 நொடி. அதாவது, படத்துக்குப் படம் இரண்டு ஸ்டாப் இடைவெளி (வெளிச்சம் இரு மடங்கானால் ஒரு ஸ்டாப்). இது போதுமா என்று கேமராத் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். இருண்ட படத்தில் வெயில் பட்ட தரை வெளுக்காமல் இருக்க வேண்டும். வெளிச்சமான படத்தில் தூணின் வேலைப்பாடு தெரிய வேண்டும். இல்லையென்றால் 5 படங்கள் எடுங்கள்.

எடுக்கும்போது எதை மாற்றலாம்? ஷட்டர் நேரத்தை மட்டும். அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பு) மாற்றினால் முன்னும் பின்னும் உள்ள தெளிவு மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) 100 போலக் குறைவாக வையுங்கள். ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றுங்கள். கேமராவை முக்காலியில் நிறுத்துங்கள். பல கேமராக்களில் உள்ள ‘பிராக்கெட்டிங்’ வசதி வெவ்வேறு எக்ஸ்போஷர்களைத் தானே எடுத்துத் தரும்.

கணினியில் என்ன செய்வது? கட்டண மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ‘போட்டோ மெர்ஜ்’ பட்டியலில் ‘எச்டிஆர்’ கொடுங்கள். ‘ஆட்டோ அலைன்’ சிறு அசைவுகளைச் சரிசெய்யும். கொடியில் ஆடிய துணியோ நடந்துபோன ஆளோ இரட்டை உருவமாகத் தெரிந்தால் ‘டீகோஸ்ட்’ அளவைக் கூட்டுங்கள். கிடைக்கும் புதிய கோப்பில் எக்ஸ்போஷரை −10 முதல் +10 வரை நகர்த்தலாம். பிறகு ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகள்) குறைத்து, ஷேடோஸை (நிழல் பகுதிகள்) கொஞ்சம் ஏற்றினால் போதும்.

காசு செலவில்லாமல் செய்ய முடியுமா? முடியும். லூமினன்ஸ் எச்டிஆர் என்ற மென்பொருள் இலவசம். அதில் படங்களை ஏற்றி இணைத்தபின், டோன் மேப்பிங் (பெரிய வெளிச்ச வேறுபாட்டைத் திரை காட்டக்கூடிய அளவுக்குள் சுருக்குவது) முறைகள் பல இருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, இயல்பாகத் தெரிவதைத் தேர்ந்தெடுங்கள்.

செல்பேசியே எச்டிஆர் எடுக்கிறதே? ஆமாம், ஐபோனில் 2010 முதல் இருக்கிறது. அவசரத்துக்கு அது நல்லது. ஆனால் எந்த நிழல் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைச் செல்பேசியே முடிவு செய்துவிடுகிறது. நீங்களே இணைத்தால் அந்த முடிவு உங்களுடையது.

சில எச்டிஆர் படங்கள் ஏன் செயற்கையாக இருக்கின்றன? எல்லா அளவையும் எல்லைவரை தள்ளுவதால்தான். தூணின் ஓரத்தில் வெள்ளை வளையம் தெரிகிறதா? தாழ்வாரமும் முற்றமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றனவா? இரண்டில் ஒன்று இருந்தாலும் அளவைக் குறையுங்கள். நிழல் வெயிலைவிட இருட்டாக இருப்பதுதான் இயல்பு. அந்த வீட்டில் நின்றபோது உங்கள் கண் பார்த்ததைவிட அதிகமாகப் படத்தில் காட்ட முயலாதீர்கள்.