இரண்டு நாள் லீவும் ஒரு வெந்நீர்க் குளமும்



இந்த வாரம் சம்பளச் சீட்டைப் பற்றிப் பேசப் போவதில்லை. லயத்துக் கூரை ஒழுகும் கதையும் அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். ஒரே ஒரு கேள்விதான். புருஷனும் பெண்சாதியும் இரண்டு பேர் மட்டுமாகக் கடைசியாக எங்கே போய் வந்தீர்கள்? கல்யாண வீடு, கருமாதி வீடு, தைப்பூசம், ஆஸ்பத்திரி இவையெல்லாம் கணக்கில் சேராது.

செம்பனைத் தோட்டம் ஒன்றில் காலைப் பெரட்டுக்கு நின்ற பெண்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தோம். ஒரே சிரிப்பு. "மறுவீடு போனோம், அதுக்கப்புறம் எங்கங்க போறது?" என்றார் ஒருவர். அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்றவர், "அவரு போவாரு. நானும் போயிட்டா கோழிக்கு யாரு தீனி போடுவா?" என்றார். கோழிக்காக முப்பது வருஷம் வீட்டோடு இருந்துவிட்டார் அந்த அம்மா!

"லீவு ஏதுங்க நமக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் எழுதியே இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 8 நாள். இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 12 நாள். ஐந்து வருஷம் ஆகிவிட்டால் 16 நாள். அத்தனையும் சம்பளத்தோடு. வாராந்திர ஓய்வு நாளும் பொது விடுமுறைகளும் இதில் சேராது, அவை தனி. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வருஷத்து லீவை அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அந்த லீவு செத்துப் போகும். வேலை அதிகம், லீவு எடுக்காதே என்று முதலாளி கேட்டு, அதற்கு நீங்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்திருந்தால் மட்டுமே பதிலாகப் பணம் கேட்கலாம். வாய்ப்பேச்சு செல்லாது. "பிறகு பார்க்கலாம்" என்று ஒத்திப்போடுகிறவர்கள் கம்பெனிக்கு இனாமாக உழைக்கிறார்கள் என்றே நாம் சொல்லுவோம்.

ஆகவே அந்த 16 நாளில் இரண்டே நாளை எடுத்துக்கொண்டு நாமும் நம் வீட்டுக்காரம்மாவும் புறப்பட்டோம். கெந்திங், லங்காவி என்று பெரிய இடமெல்லாம் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்குக்குள்ளேயே வெந்நீர் ஊற்றும் அருவியும் கடலும் இருக்கும்போது தூரம் எதற்கு?

காலை பஸ்ஸில் கிள்ளான். ஜாலான் தெங்கு கிளானாவில் தோசையும் கோப்பியும் சாப்பிட்டுப் பசியாறிவிட்டு ரயிலேறினோம். அந்தத் தெருவில் புடைவைக் கடையைக் கண்டால் அம்மாமார்கள் நின்றுவிடுவார்கள். திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி நகர்த்திக்கொண்டு போவது வீட்டுக்காரர்களின் சாமர்த்தியம்.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு கோமுட்டர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 60 வயதைத் தாண்டியவர்கள் அடையாளக் கார்டைக் காட்டிச் சலுகைக் கட்டணம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். இந்தப் பாதை லேசுப்பட்டதல்ல. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரைக்கும் முதலில் ரயில் ஓடியது. பாலம் கட்டிய பிறகு, 1890இல், கிள்ளானுக்குள் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். சுபாங் ஜெயா வரும். அந்தப் பக்கம்தான் சீபீல்டு தோட்டம் இருந்தது. இன்றைக்கு அடுக்குமாடியும் அங்காடியும். பால்மரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. "இங்கயா எங்க சித்தி மரம் வெட்டுனாங்க?" என்று வீட்டுக்காரம்மா இரண்டு தரம் கேட்டார்.

கோலாலம்பூர் செண்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் காலடியில். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் ஒரே வருஷத்தில் அழித்தன. அத்தாப்பு வீடு வேண்டாம், செங்கல்லால் கட்டு என்று உத்தரவானது. காப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளை போட்டார். பேரும் நிலைத்துவிட்டது. பிற்பாடு ரயில்வேயில் வேலை செய்த நம்மவர்களும் யாழ்ப்பாணத்தவர்களும் குடியேறித் தமிழ் மணக்கும் இடமாக்கினார்கள். சுமாரான ஒரு தங்கும் விடுதியில் பையை வைத்தோம். அறை எடுக்குமுன் ஒருதரம் உள்ளே போய்ப் பார்த்து, கதவுத் தாழ்ப்பாளைச் சோதித்து, அப்புறம் காசைக் கொடுங்கள்.

மாலையில் பத்துமலை. கோலாலம்பூர் செண்ட்ரலிலிருந்து நேர் ரயில் உண்டு. 1892 முதல் நடந்துவரும் தைப்பூசத்துக்கு நாம் எல்லாரும் போகிறோம். லட்சம் பேர் நடுவே நசுங்கிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, முருகனை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். சாதாரண நாள் ஒன்றில் அந்த 272 படியையும் நிதானமாக ஏறிப் பாருங்கள். 2006 ஜனவரியில் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலையின் தோள் பக்கத்திலிருந்து நகரம் முழுவதும் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே உட்கார்ந்தே கும்பிடலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். குரங்குகளிடம் மட்டும் பையைக் கொடுத்துவிடாதீர்கள்.

வெந்நீர்க் குளம்

பத்துமலையிலிருந்து செலாயாங் அதிக தூரமில்லை. அங்கேதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்த வெந்நீர் ஊற்று இருக்கிறது. சுற்றிலும் வீடுகள், கடைகள், வாகன இரைச்சல். நடுவே புகைபோல ஆவி எழும்பும் குளங்கள். ஒன்றில் கால் வைக்க முடியாத சூடு, இன்னொன்றில் பொறுக்கும் சூடு. சீனப் பாட்டிகள், மலாய்க்காரப் பாட்டன்மார்கள், லாரி ஓட்டும் நம் தம்பிமார்கள் எல்லாரும் ஒரே வரிசையில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

அழுகிய முட்டை வாடை லேசாக அடிக்கும். பயப்பட வேண்டாம், அது கந்தக வாயு. பூமிக்குள் எரிமலை இருக்கிறதோ என்று வீட்டுக்காரம்மா கேட்டார். தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை கிடையாது. விஷயம் இதுதான். மழைத்தண்ணீர் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் வெடிப்புகள் வழியாகக் கீழே, கீழே இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சூடு 25, 30 டிகிரி கூடும். நம் கருங்கல்லுக்குள்ளேயும் சொந்தமாகக் கொஞ்சம் சூடு உண்டு. ஆழத்தில் கொதித்த தண்ணீர் வேறொரு வெடிப்பைப் பிடித்து மேலே வந்துவிடுகிறது. இப்படி நாட்டில் 60க்கும் மேற்பட்ட ஊற்றுகள் இருக்கின்றன. இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. இராவணன் தன் தாய்க்குக் கருமம் செய்ய உண்டாக்கியது என்று அங்கே கதை சொல்லுவார்கள். செலாயாங்குக்கு அப்படிக் கதை ஏதும் நம் காதில் விழவில்லை.

நம் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். முன்பு பால்மரம் வெட்டியவர்களாம். தோட்டம் வீடமைப்பாகிவிட்ட பிறகு மகன் வீட்டோடு இருக்கிறார்கள். பெரியவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை நேரே குளத்துக்குள் விடப் போனார். அந்த அம்மா சட்டென்று அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க, இருங்க. நான் பாத்துச் சொல்றேன்."

முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். "ஆகாது. அந்தக் குளத்துக்குப் போவோம்."

நாம் ஏன் என்று கேட்டோம். "அவருக்கு இனிப்பு நீருங்க. காலுல சூடே தெரியாது. போன வருஷம் வீட்டுல வெந்நி பட்டுக் கொப்புளம் வந்துச்சு, இவருக்குத் தெரியவே இல்ல. ரெண்டு மாசம் ஆச்சு ஆற" என்றார். பெரியவர் வெட்கத்தோடு, "இவ இல்லாட்டி என் காலு எப்பவோ போயிருக்கும் தம்பி" என்றார்.

இதை நீங்கள் கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டும். நம் சமூகத்தில் இனிப்பு நீர் இல்லாத வீடு குறைவு. பல வருஷம் அந்த வியாதி இருந்தால் பாதத்து நரம்பு செத்து உணர்ச்சி போய்விடும். 60 டிகிரி சூட்டுத் தண்ணீர் சில விநாடியிலேயே தோலை வேகவைத்துவிடும். உணர்ச்சி உள்ளவன் காலை இழுத்துக்கொள்வான், இல்லாதவன் சும்மா உட்கார்ந்திருப்பான். ஆகையால் வியாதிக்காரர் தாமாகச் சூடு பார்க்கக் கூடாது. கூட வந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். குளித்தபின் பாதத்தையும் விரல் இடுக்கையும் கண்ணால் பார்க்க வேண்டும். பாதத்தில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.

இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார வேண்டாம். எழும்போது மெதுவாக எழுங்கள், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். மாத்திரையை நிறுத்திவிட்டு ஊற்றை நம்பிப் போகாதீர்கள். ஊற்றுத் தண்ணீர் உடம்பு வலிக்கு இதமாக இருக்கும், வியாதியைத் தீர்க்கும் என்று சொல்லுகிறவன் எதையோ விற்கப் பார்க்கிறான். கர்ப்பிணிகள் வேண்டாம். சம்சு குடித்துவிட்டு யாரும் வேண்டவே வேண்டாம்.

மற்றவர்கள் தாராளமாக உட்காரலாம். காண்டா தூக்கிக் காய்த்த தோளும், உதிரிப்பழம் பொறுக்கிக் குனிந்த இடுப்பும் அந்தச் சூட்டில் இளகுவது ஒரு சுகம்தான். நம் வீட்டுக்காரம்மா இருபது நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு முன்னால் அவர் அப்படிச் சும்மா இருந்து நாம் பார்த்ததில்லை. பிறகு, "ஏங்க, சம்பளத்தோட இப்படி உக்காரலாம்னு சட்டத்துலயே இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றோம். "அப்ப இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்றார். அதற்கு நாம் பதில் சொல்லவில்லை.

மறுநாள்

இரண்டாம் நாள் காலை காஜாங் போய், அங்கிருந்து வண்டி வைத்து உலு லங்காட். அந்தப் பாதையில் இன்னும் கட்டைக் கணக்குத்தான். பதினாலாவது கட்டையில் டவுன். பதினாறாவது கட்டைப் பக்கம் டுசுன் துவா வெந்நீர் ஊற்று. செலாயாங்கைவிடப் பச்சை அதிகம், காற்றும் நல்ல காற்று. மேலே போகப் போகக் காடும் ஆறும் தோட்டங்களும். சிலாங்கூரின் மிக உயர்ந்த மலையான குனோங் நுவாங், 1,493 மீட்டர், அந்தப் பக்கம்தான். சுங்கை கபாய் அருவியும் உலு லங்காட்டில்தான். வெந்நீரில் உட்கார்ந்துவிட்டு அருவிக்குப் போனால் உடம்பு சிலிர்க்கும்.

அருவியிலும் ஆற்றிலும் ஒரு எச்சரிக்கை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலாக இருக்கும், மலைமேல் மழை கொட்டியிருக்கும். கெப்பாலா ஆயர் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் திடீர் வெள்ளம் நிமிஷத்தில் வந்துவிடும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, சட்டியையும் சோற்றையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள். சட்டி போனால் வேறு வாங்கலாம்.

உலு லங்காட் தூரம் என்பவர்கள் செலாயாங்கிலிருந்தே ரவாங் பாதையில் கஞ்சிங் அருவிக்குப் போகலாம். ஏழு அடுக்கு. அதற்குப் பக்கத்தில் டெம்ப்ளர் பூங்கா. 1952 முதல் 1954 வரை ஹைகமிஷனராக இருந்த டெம்ப்ளரின் பெயரைச் சொன்னால் நம் பாட்டன்மாருக்கு அருவி நினைவுக்கு வராது, அவசரகாலமும் ஊரடங்கும் முள்வேலியும்தான் வரும்.

நாங்கள் மதியமே திரும்பிவிட்டோம். காரணம், வீட்டுக்காரம்மாவுக்குக் கடல் பார்க்க ஆசை. கிள்ளானில் இறங்காமல் அதே ரயிலில் கடைசி நிலையம் வரைக்கும் போனோம். 1901இல் திறந்து, போர்ட் சுவெட்டன்ஹம் என்று 1972 வரை அழைக்கப்பட்ட துறைமுகம் இதுதான். 1926இல் ஓடத் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு மதராஸுக்கும் மலாயாவுக்கும் இடையே அலைந்த ரஜூலா கப்பல் இங்கேயும் நின்றது. நம் பாட்டிமார்கள் தகரப் பெட்டியோடு இறங்கிய கரை. அவர்கள் இங்கே கடலைப் பார்த்து நின்று இரசித்திருக்க மாட்டார்கள்.

நிலையத்துக்குப் பக்கத்துப் படகுத்துறையிலிருந்து பூலாவ் கெத்தாமுக்குப் படகு போகிறது. நண்டுத்தீவு. வீடு, பள்ளிக்கூடம், கடை எல்லாம் தண்ணீருக்குமேல் கால் நட்டுக் கட்டியிருக்கிறார்கள். சதுப்புக்காட்டு நடுவே படகு போகும்போது கொக்குகளைப் பார்க்கலாம். படகுக்கு நேரமில்லாதவர்கள் தஞ்சோங் ஹராப்பான் கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம், அதற்குக் காசு இல்லை.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு ஒரு கைலி, இரண்டு துவாலை, ரப்பர் செருப்பு, குடிக்கத் தண்ணீர், மாத்திரை, அடையாளக் கார்டு. கூடுமானால் சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டம் தாங்காது. வெந்நீர்க் குளங்களைச் சில சமயம் பழுதுபார்ப்புக்காக மூடுவார்கள், அந்தப் பக்கத்து ஆளிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். லீவுப் பாரத்தை இரண்டு வாரம் முன்பே கிராணியிடம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்குங்கள். இருவரும் ஒரே தோட்டம் என்றால் இரண்டு பாரத்திலும் ஒரே தேதியைப் போடுங்கள். பூலாவ் கெத்தாம் போகிறவர்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று ஏறுமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோழிகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்தோம். இரண்டு நாளில் ஒன்றுகூடக் குறையவில்லை.