மேல்முறையீட்டில் மறுபடி பார்க்கப்படுவது எது?

குற்ற வழக்கின் மேல்முறையீடு இரண்டாவது விசாரணை அல்ல. சாட்சிகள் மறுபடி கூண்டில் ஏறுவதில்லை. கீழ் நீதிமன்றத்தில் பதிவான சாட்சியம், குறுக்கு விசாரணை, சான்றாவணங்கள், தீர்ப்பு எல்லாம் கட்டாக மேலே போகின்றன. அவற்றைப் படித்து, இந்தச் சாட்சியத்திலிருந்து இந்த முடிவுக்கு வர முடியுமா என்று சோதிப்பதே மேல்முறையீட்டு நீதிபதியின் வேலை. சாட்சி தடுமாறியதை நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதிதான் என்பதால், அவருடைய மதிப்பீட்டை மேல் நீதிமன்றம் எளிதில் தள்ளிவிடுவதில்லை.

மாஜிஸ்திரேட் தண்டித்தால் பொதுவாக செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாளிலும், செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்தால் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாளிலும் மேல்முறையீடு செய்ய வேண்டும். மனுப் போட்டதாலேயே சிறைக் கதவு திறந்துவிடாது. தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தரும்படி தனியாகக் கேட்க வேண்டும். மேல்முறையீடு பட்டியலில் ஏற ஆண்டுகள் ஆவதால், பல கைதிகளுக்கு இந்தச் சின்ன மனுதான் பெரிய மனு.

தண்டிக்கப்பட்டவர் மட்டுமே மேல்முறையீடு செய்திருந்தால் தண்டனையைக் கூட்ட முடியாது. அதற்கு அரசுத் தரப்பும் மேலே போயிருக்க வேண்டும். மரண தண்டனையில் நிலைமை வேறு. கைதி கேட்காவிட்டாலும் வழக்கு உயர் நீதிமன்றம் போயே தீரும். அங்கு உறுதிசெய்யப்படாமல் தூக்கு இல்லை.

விடுதலையை எதிர்த்து வரும் மேல்முறையீட்டில் அளவுகோல் இன்னும் கடுமையானது. குற்றவாளி அல்ல என்ற அனுமானம் எல்லோருக்கும் உண்டு. விடுதலைத் தீர்ப்பு அதை இரட்டிப்பாக்குகிறது என்று சந்திரப்பா வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரே சாட்சியத்திலிருந்து இரண்டு நியாயமான முடிவுகள் கிடைத்தால், விடுதலை நிற்கும்.

மேல் நீதிமன்றம் எதற்கு என்பதற்குத் தமிழர் மறக்காத உதாரணம் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. திரை நடிகர்களான எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் அதில் 1945-ல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடு தள்ளுபடியானது. அன்றைய இறுதிப் படி லண்டன் பிரிவி கவுன்சில். அது வழக்கைத் திருப்பி அனுப்ப, அதே உயர் நீதிமன்றம் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தது. அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கழிந்திருந்தன.