எனக்குத் தெரியாத நான்

‘என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?’ன்னு ஏதாவது ஒரு சண்டையில நாம எல்லாருமே கேட்டிருப்போம். அதுக்கான பதில்தான் இந்த எபிசோடு. முழுசா தெரியாது!

1955-ல் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு ஜன்னலைக் கற்பனை பண்ணாங்க. பேரு ‘ஜோஹாரி ஜன்னல்’. ஏதோ வட இந்தியப் பேரு மாதிரி இருக்குல்ல? ஜோ, ஹாரி ரெண்டையும் சேர்த்தா ஜோஹாரி, அவ்வளவுதான்.

இந்த ஜன்னல்ல நாலு கண்ணாடி. முதல் கண்ணாடியில இருக்கிறது நமக்கும் தெரியும், மத்தவங்களுக்கும் தெரியும். ரெண்டாவது, நமக்கு மட்டும் தெரிஞ்சது. நாம வெளியே சொல்லாம வச்சிருக்கிறது. மூணாவது, மத்தவங்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. நாலாவது, இன்னும் யாருக்குமே தெரியாதது.

என்னை ரொம்ப யோசிக்க வச்சது அந்த மூணாவதுதான். ஒருநாள் என் ரூம்மேட் கேட்டா, “ஏண்டி, உங்க அப்பா போன் பண்ணா மட்டும் எந்திரிச்சு நின்னு பேசுற?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வேலைக்குப் போய் நாலு வருஷமாச்சு, இன்னும் நிக்கிறேன். அது எனக்கே தெரியல.

அவ என்னைப் ‘பயந்தாங்கொள்ளி’ன்னு சொல்லியிருந்தா நான் சண்டைக்குப் போயிருப்பேன். அவ தீர்ப்பு சொல்லல, கண்ணால பார்த்ததை மட்டும் சொன்னா. அதனாலதான் அது உள்ளே இறங்குச்சு.

அடுத்த வாரம் அப்பாகிட்டயே சொன்னேன்: “உங்ககிட்ட பேசும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் பயமா இருக்குப்பா.” கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் சொன்னார், “உங்க தாத்தா முன்னாடி நான் உட்கார்ந்ததே இல்லம்மா.”

இத்தனை வருஷத்துல அவர் அதைச் சொன்னதே இல்லை. நான் என் ஜன்னலைத் திறந்ததும், அவருடைய ரெண்டாவது கண்ணாடியும் கொஞ்சம் திறந்துச்சு.

இந்த ஜன்னல் சொல்ற விஷயமும் இதுதான். கண்ணாடிகளோட அளவு நிரந்தரம் இல்லை. நாம கேட்கக் கேட்க மூணாவது சின்னதாகும். சொல்லச் சொல்ல ரெண்டாவது சின்னதாகும். அந்த இடமெல்லாம் முதல் கண்ணாடிக்குப் போகும். ஒரு உறவுல நிம்மதியா மூச்சு விடுற இடம் அதுதான்.

அதுக்காக எல்லார்கிட்டயும் எல்லாத்தையும் கொட்டணும்னு இல்லை. சில விஷயங்கள் நமக்குள்ளேயே இருக்கலாம், தப்பே இல்லை. யார்கிட்ட கேட்கிறோம், யார்கிட்ட சொல்றோம்கிறதும் முக்கியம். நம்மளைக் காயப்படுத்தணும்னு காத்திருக்கிறவங்ககிட்ட இந்தக் கேள்வியே வேண்டாம்.

இந்த வாரம் நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட கேட்டுப் பாருங்க. ‘நான் எப்படிப்பட்ட ஆளு?’ன்னு கேட்டா, “நல்ல ஆளுதான்”னு முடிச்சிடுவாங்க. அதுக்குப் பதிலா, ‘எனக்கே தெரியாம நான் செய்ற ஒரு விஷயம் சொல்லேன்’னு கேளுங்க. பதில் வந்ததும் உடனே விளக்கம் கொடுக்காதீங்க. ஒரு டீ குடிக்கிற நேரம், அதைச் சும்மா கேட்டுக்கங்க.