தறிவீட்டு வெளிச்சம் – 9: யாரை மங்கவிடுவது?

சென்ற வாரம் ஜன்னல் வெளிச்சத்தின் திசையைப் பார்த்தோம். அந்த வெளிச்சத்தில் ஒரு குடும்பத்தையே நிறுத்தும்போது அடுத்த கேள்வி எழுகிறது: படத்தில் யார் துல்லியமாகத் தெரிய வேண்டும், யார் மங்கலாம்? இன்றைய கல்யாண ஆல்பங்களும் செல்போன்களும் இதற்கு ஒரே பதிலை வைத்திருக்கின்றன. முன்னால் ஒரு முகம் கூர்மையாக இருக்கும், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து போயிருக்கும். தனி ஆளின் படத்துக்கு அது அழகுதான். குடும்பப் படத்துக்கு, அதிலும் காஞ்சிபுரத்துத் தறிவீட்டில் எடுக்கும் குடும்பப் படத்துக்கு, அது பொருந்தாது என்பது என் வாதம். அந்த வீட்டில் ஒருவரைக்கூடப் பின்னணி என்று தள்ள முடியாது.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் பழைய வீடுகள் குறுகி நீண்டிருக்கும். இடத்தில் பெரும்பகுதியைத் தறியே எடுத்துக்கொள்ளும். தெருப்பக்க ஜன்னலோ, முற்றமோ, ஓட்டுக்கூரையில் பதித்த கண்ணாடியோதான் பகல் வெளிச்சம் தரும். அங்கே நெய்யும் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிற ஊடையால் நெய்யப்பட்டு, சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. அதற்கு ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் நாடா மூன்று வேண்டும். தறியில் உட்கார்ந்தவர் ஒருவராலேயே மூன்றையும் ஓட்டுவது கடினம். கரைப்பக்க நாடாவைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பல வீடுகளில் அவர் மனைவி, மகள் அல்லது தம்பி. நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. அந்த உழைப்புக்குத் தனிக் கூலி என்று பெரும்பாலும் இருப்பதில்லை. இப்படியொரு வீட்டில் தறிக்காரர் முகத்தை மட்டும் கூர்மையாக வைத்து, பக்கத்தில் இருப்பவரை மங்கலாக்கினால், புடவை எப்படி உருவாகிறது என்பதைப் பற்றியே படம் தவறான தகவல் தருகிறது. கூலியில் இடம்பெறாதவர் படத்திலும் இடம்பெறாமல் போகிறார். இதை வெறும் ரசனை விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை.

கணக்கைப் பார்ப்போம். முழு அளவு சென்சார் உள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸை மாட்டி, 2 மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்துக்கு ஃபோகஸ் வைத்து, அபர்ச்சரை எஃப் 2 அளவுக்குத் திறந்தால், துல்லியமாகத் தெரியும் பகுதி, அதாவது டெப்த் ஆஃப் ஃபீல்டு எனப்படும் குவிய ஆழம், ஏறக்குறைய 19 சென்டிமீட்டர். மடியில் குழந்தையை வைத்திருக்கும் பாட்டிக்கே அது போதாது. 3 மீட்டர் தூரத்துக்குத் தள்ளிப்போனால் அதே அபர்ச்சரில் 43 சென்டிமீட்டர் ஆகும். எஃப் 5.6-க்குச் சுருக்கினால் 2.5 மீட்டரிலிருந்து 3.7 மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 1.2 மீட்டர் கிடைக்கும். முன்னால் உட்கார்ந்திருப்பவரும் பின்னால் நிற்பவரும் அதற்குள் தாராளமாக அடங்குவார்கள். அந்த ஆழம் ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னால் அரை மீட்டரும் பின்னால் முக்கால் மீட்டரும் பரவுவதால், முன்வரிசைக் கண்களில் ஃபோகஸ் வைப்பது பெரும்பாலும் பாதுகாப்பானது. இந்த எல்லைகள் கோடு கிழித்தவை அல்ல என்பதும் உண்மை. கையில் பிடித்துப் பார்க்கும் படத்தைக் கொண்டு வகுத்த கணக்கு இது. சுவரில் மாட்டப் பெரிதாக அச்சிட்டு அருகில் நின்று பார்த்தால் ஆழம் குறைவாகவே தோன்றும். ஆகவே கணக்கு தரும் எல்லை வரை போகாமல் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்வது நல்லது.

அபர்ச்சரைச் சுருக்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பலரும் தடுமாறும் இடம் அதுதான். பக்கவாட்டு ஜன்னலில், கேமராவுக்கு இணையாக ஒரே வரிசையில் குடும்பத்தை நிறுத்தினால் எல்லோருக்கும் ஃபோகஸ் சமமாகக் கிடைக்கும், வெளிச்சம் கிடைக்காது. சிறிய ஜன்னலிலிருந்து 1 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் 2 மீட்டரில் நிற்பவருக்கு வந்து சேரும். மாறாக, ஜன்னல் சுவருக்கு இணையாக எல்லோரையும் ஒருவர்பின் ஒருவராக நிறுத்தினால் வெளிச்சம் ஏறக்குறைய சமம், ஃபோகஸ் சமமில்லை. இரண்டின் நியாயமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கிறது. ஃபிளாஷை எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எடுக்கிறார்கள். எடுத்ததும் பட்டின் நெளிவும் முகத்தின் வளைவும் தட்டையாகிவிடுகின்றன. இதற்குத் தீர்வு ஜன்னலிலிருந்து விலகுவதில் இருக்கிறது. மொத்தக் குடும்பத்தையும் இன்னும் 1 மீட்டர் உள்ளே தள்ளினால், 2 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் இரண்டேகால் மடங்குதான். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் அதுவும் குறையும். பிறகு வரிசையை லேசாகச் சாய்த்து, ஜன்னலுக்குத் தூரமாக இருப்பவரை ஓரடி முன்னால் கொண்டுவரலாம். எஃப் 5.6 தரும் ஆழம் அந்த ஓரடியைத் தாங்கும். எஃப் 2-ல் அது கடினம்.

உள்ளே தள்ளினால் வெளிச்சம் குறையுமே, அபர்ச்சரையும் சுருக்கினால் படம் எப்படி வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எஃப் 2-லிருந்து எஃப் 5.6-க்கு வருவது மூன்று ஸ்டாப். உள்ளே வரும் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிறது. ஐ.எஸ்.ஓ. 200-ல் எடுத்த படத்தை 1600-ல் எடுத்தால் அந்த எட்டு மடங்கு திரும்பிவிடும். ஃபிலிம் காலத்தில் அது பெரிய தியாகமாக இருந்தது. இன்றைய சென்சாரில் கொஞ்சம் புள்ளி தெரியும், அவ்வளவுதான். புள்ளி படம் முழுக்க விழுகிறது, மங்கல் ஒருவர்மேல் மட்டும் விழுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் எனக்குத் தயக்கமே இல்லை. ட்ரைபாட் இருந்தால் கேமரா அசைவு கவலையும் இல்லை. குழந்தை அசைவதற்கு ட்ரைபாட் உதவாது. நொடியில் 60-ல் ஒரு பங்குக்குக் கீழே ஷட்டரை இறக்காமல், தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுத்துவிட வேண்டியதுதான்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. எல்லோரையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்தால் பழைய ஸ்டுடியோ படம்போல் விறைத்துப் போகாதா? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழக ஸ்டுடியோக்களின் பழைய குடும்பப் படங்களைத் தேடி எண்மப் பதிவாக்கியிருக்கிறது. இவ்வகைப் படங்களில் விறைப்பு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதன் பெரும்பங்கு நீண்ட எக்ஸ்போஷரிலிருந்தும் அசையாதே என்ற கட்டளையிலிருந்தும் வந்தது. ஆழத்தை வரைந்த திரைச்சீலையிடம் விட்டுவிட்டு, மனிதர்களை ஒரே தளத்தில் கூர்மையாக வைத்தார்கள் அந்தக் கலைஞர்கள். தளம் ஒன்றாக இருப்பதே உயிரைக் கெடுப்பதாக இருந்தால் காஞ்சியின் கைலாசநாதர் கோயில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய அந்தக் கோயிலில் சோமாஸ்கந்தர் மறுபடி மறுபடி வருகிறார்: ஒரே இருக்கையில் சிவன், உமை, நடுவில் குழந்தை கந்தன். கல்லில் ஆழம் சில அங்குலம்தான். அந்தச் சில அங்குலத்துக்குள் உமையின் உடல் திரும்புகிறது, ஒரு கால் மடங்கி ஒரு கால் தொங்குகிறது. பிரம்மாவும் திருமாலும் பின்னால் இன்னும் மெல்லிய புடைப்பில் நிற்கிறார்கள். ஆனாலும் அடையாளம் இழக்கவில்லை. குறைந்த ஆழத்தில் உறவைக் காட்டுவது உடல் திரும்பும் விதத்திலும் கை வைக்கும் இடத்திலும் இருக்கிறது என்பதைச் சிற்பி தெரிந்து வைத்திருந்தார்.

மங்கலே கலை என்பவர்கள் ஜூலியா மார்கரெட் கேமரூனைக் காட்டுவார்கள். கல்கத்தாவில் 1815-ல் பிறந்து, 48 வயதில் மகள் தந்த கேமராவோடு தொடங்கி, 1875-ல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879-ல் அங்கேயே மறைந்தவர். ஃபோகஸ் தெரியாதவர் என்று சக புகைப்படக்காரர்கள் பழித்த அவருடைய மென்மையான படங்கள் இன்று உலகத்தின் செல்வம். அவற்றின் அழகை நானும் ஏற்கிறேன். ஆனால் அவருடைய புகழ்பெற்ற படங்கள் பெரும்பாலும் தனி முகங்கள். அங்கே மென்மை ஒருவரை இன்னொருவருக்குக் கீழே இறக்குவதில்லை. தாயும் சேயுமாக எடுத்தபோது தலைகளை நெருக்கி ஒட்டவைத்தார், மென்மையும் இருவர்மேலும் ஒருசேர விழுந்தது. அவரிடமிருந்து குடும்பப் படத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நெருக்கம்.

செல்போனின் போர்ட்ரெய்ட் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய சென்சாரில் இயல்பாகவே எல்லாம் துல்லியமாக விழுகிறது. அந்த வரத்தைக் கணினிக் கணக்கால் அழித்து மங்கலைப் பூசுகிறது அந்த முறை; பூசும்போது மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் ஜிமிக்கியையும் சேர்த்தே தின்றுவிடுகிறது. குடும்பப் படத்துக்கு அதை அணைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

மிச்சமிருப்பது குழித்தறியின் உயரம். தறிக்குழியில் கால் இறக்கி உட்கார்ந்தவரின் கண் தரைக்குப் பக்கத்தில் இருக்கும். பின்னால் நிற்பவர்களின் கண் அதைவிட மிக மேலே. சாதாரண லென்ஸில் ஃபோகஸ் தளம் சென்சாருக்கு இணையாகவே இருக்கும் என்பதால், கேமராவை உயர்த்திக் கீழ்நோக்கிச் சாய்த்தால் தளமும் சாயும். அதன் மேல்பகுதி பின்னால் போகும். 15 டிகிரி சாய்த்தால், 70 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் ஆழம் இலவசமாகக் கிடைக்கிறது. தறிக்காரரை மேலிருந்து குனிந்து பார்ப்பது அவரைச் சிறுமைப்படுத்தும் என்று நினைப்பவர்களுக்கும் வழி உண்டு. நிற்பவர்களைத் தறிப்பக்கம் தரையில் உட்காரச் சொல்லி, கேமராவைத் தறிக்காரரின் கண் மட்டத்துக்கு இறக்கினால் தலைகள் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும். நான் இந்த இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். பாவு நூல்கள் சட்டத்துக்குள் முன்பக்கமாக ஓடிவந்து கொஞ்சம் மங்கினால் அதை அப்படியே விடலாம். முகங்கள் எல்லாம் ஆழத்துக்குள் இருக்கின்றனவா என்று மட்டும் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.