மலை இறக்கத்தில் ஒரு பதிவு இரண்டாகிவிடுவது எப்படி?

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்போது, செல்போனில் சிக்னல் வளைவுக்கு வளைவு வந்து வந்து போகும். கல்வராயன் மலைத் தேனையும் கடுக்காயையும் சாமையையும் கீழே கொண்டுவந்து ஞாயிறுதோறும் கடை போடும் ஒரு மகளிர் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். "இன்று கடை உண்டு" என்று வாராவாரம் சமூக வலைத்தளத்தில் போட வேண்டும். படமும் போன் நம்பரும் அதேதான். தேதி மாறும், ஒன்றிரண்டு விலை மாறும். அதற்காக முழுவதையும் மறுபடி டைப் செய்யத் தேவையில்லை. போன வாரப் பதிவை நகலெடுத்து அடுத்த வாரத்துக்கு ஷெட்யூல் செய்துவிடலாம்.

ஷெட்யூல் செய்த பதிவு நம் போனில் காத்திருப்பதில்லை, சர்வரில் காத்திருக்கிறது. குறித்த நேரத்தில் நாம் சிக்னலே இல்லாத ஊரில் இருந்தாலும் அது வெளியாகிவிடும். மலைக்காரர்களுக்கு இந்த வசதி பெரிய உதவி.

நகலெடுக்கும் வேலையை ஒரு மென்பொருளிடமே விட உதவுவது ஏபிஐ. ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் வேலை சொல்லும் வாசல் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். "இந்த எண்ணுள்ள பதிவை எடு, இந்தப் புது நேரத்துக்கு ஒரு நகல் வை" என்று கேட்டால், சர்வர் நகலை உண்டாக்கி அதற்கொரு புது எண்ணைத் திருப்பித் தரும். பழைய பதிவு தொடப்படாமல் இருக்கும். அதற்குக் கிடைத்த லைக்கும் கமென்டும் நகலுக்கு வராது. படம் மட்டும் தளத்துக்குத் தளம் மாறும் விஷயம். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில், வெளியான பதிவோடு ஒட்டிய படத்தை அப்படியே இன்னொன்றில் ஒட்ட முடியாது, மறுபடி ஏற்ற வேண்டும். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளமோ ஒரே வாசகம் திரும்ப வந்தால் அதைத் தள்ளிவிடும். அதனால் நகலில் ஒரு வரியாவது மாற்றுவது நல்லது. "இன்று" போன்ற சொற்களையும் எடுத்துவிட்டுத் தேதியையே எழுதிவிடுங்கள். ஷெட்யூல் நேரத்தை மாற்றினால் உள்ளே எழுதிய நாள் தானாக மாறாது.

இனி, எனக்கு முக்கியமாகப் படுகிற இடம். வளைவில் பேருந்து திரும்பும் நேரத்தில் அந்தக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் நகல் பொத்தானை அழுத்துகிறார். வட்டம் சுற்றுகிறது, பிறகு "முயற்சி தோல்வி" என்று வருகிறது. என்ன நடந்திருக்கும்? கோரிக்கை சர்வருக்குப் போகாமலே இருந்திருக்கலாம். அல்லது போய், நகலும் உருவாகி, "ஆயிற்று" என்ற பதில் மட்டும் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். கையில் இருக்கும் போனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அவர் மறுபடி அழுத்துவார், யாராக இருந்தாலும் அழுத்துவார். ஞாயிறு காலை ஒரே அறிவிப்பு இரண்டு முறை வெளியாகும். அவர்மேல் தவறே இல்லை, கருவியை அமைத்தவர்தான் இதை யோசித்திருக்க வேண்டும்.

இதற்கு வழி உண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு வண்டி ஆலைக்குப் போனால் எடைச்சீட்டு போடுவார்கள். ஒரே சீட்டு எண் இரண்டாம் முறை வந்தால் கணக்கில் இன்னொரு லோடு ஏறக் கூடாது அல்லவா? அதேபோல, பொத்தானை முதன்முறை அழுத்தும்போதே செயலி ஒரு தனி எண்ணை உருவாக்கிக் கோரிக்கையோடு அனுப்பும். மறுபடி அழுத்தினாலும் அதே எண்தான் போகும். சர்வர் அதைப் பார்த்து, புது நகல் போடாமல், முதலில் உண்டாக்கிய நகலின் விவரத்தையே திருப்பித் தரும். இதற்கு ஐடெம்பொடென்சி கீ என்று பெயர். மாஸ்டடானில் இது இருக்கிறது, அங்கே ஒரு மணி நேரம்வரை அந்த எண்ணை நினைவில் வைத்திருக்கும். நகல் கருவி வாங்கப் போகிறவர்கள் முதலில் இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

நேரக் கணக்கும் பலரைச் சறுக்க வைக்கிறது. சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஞாயிறு காலை 5 மணிக்கு வர வேண்டிய பதிவை யூடிசியில் சனி இரவு 11:30 என்று குறிக்க வேண்டும். 5 என்றே போட்டுவிட்டால் 10:30க்குத்தான் வெளியாகும், கடை பாதி கலைந்திருக்கும்.

மழைக்காலத்தில் இன்னொன்று. கல்வராயன் மலையின் மேகம் அருவிக்கு வரச் சொல்லும் பதிவை ஒரு மாதத்துக்கு நகலெடுத்து அடுக்கிவிட்டால், வெள்ளம் வந்த நாளிலும் அது வெளியாகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்து, திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணை கரைபுரண்டதை நாம் பார்த்தோம். அப்படி ஒரு நாளில் "குளிக்க வாருங்கள்" என்ற அழைப்பு ஓர் உயிரோடு விளையாடுவது. அதனால் நகலெடுக்கும் கருவியில், காத்திருக்கும் நகல்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் காட்டி மொத்தமாக ரத்து செய்யும் பொத்தானும் இருக்க வேண்டும். மழை எச்சரிக்கை வந்த அன்று, சிக்னல் கிடைக்கிற இடத்தில் இருக்கும் ஒருவர் கையில் அது இருக்க வேண்டும்.