8 முறை போர்க்காயம்.. தபால் துறை வேலை.. 72 வயதில் ஆப்கானிஸ்தான் போர்க்களம்! யார் இந்த பில்லி வா?

ராணுவத்தில் இருந்து ரிட்டயர்டு ஆன பிறகு என்ன செய்வாங்க? பென்ஷன், காலை வாக்கிங், பேரப்பிள்ளைகள்.. பெரும்பாலும் இப்படித்தான் போகும். ஆனா அமெரிக்காவைச் சேர்ந்த ஒருவர் 1972ல் ஓய்வு பெற்று, கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் கழித்து மீண்டும் துப்பாக்கியோடு ஆப்கானிஸ்தானில் போய் இறங்கினார். அப்போ அவருக்கு வயது 71. அங்கே இருக்கும்போதே 72வது பிறந்தநாளும் வந்துவிட்டது.

அவர்தான் வில்லியம் டாவ்சன் வா. சுருக்கமாக பில்லி வா. கொரியா, வியட்நாம், லிபியா, சூடான், ஆப்கானிஸ்தான் என அரை நூற்றாண்டு நீண்ட அவரது பயணத்தையும், அதில் இன்றுவரை விவாதிக்கப்படும் ஒரு கேள்வியையும் பார்க்கலாம்.

15 வயதில் ஓடிப்போன சிறுவன்

1929 டிசம்பர் 1ம் தேதி டெக்சாஸ் மாகாணத்தில் உள்ள பாஸ்ட்ராப் என்ற சிறிய ஊரில் பிறந்தார் பில்லி. இரண்டாம் உலகப்போர் நடந்த காலத்தில், சொந்த ஊர் இளைஞர்கள் சீருடையில் திரும்பி வந்ததைப் பார்த்ததும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. கலிஃபோர்னியாவுக்குப் போனால் சின்ன வயசிலேயே படையில் சேர்த்துக்குவாங்க என்று நினைத்து, 15 வயதில் வழியில் வந்த வண்டிகளில் தொற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நியூ மெக்சிகோவில் போலீசிடம் மாட்டி, வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு 1948ல் முறைப்படி ராணுவத்தில் சேர்ந்தார். பாராசூட் பயிற்சி முடித்து, 1951ல் கொரியப் போர்க்களத்துக்குப் போனார்.

'கிரீன் பெரே' அப்படினா என்ன?

1952ல் தொடங்கப்பட்டதுதான் அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படை. இந்த வீரர்கள் அணியும் பச்சைத் தொப்பியால் இவர்களுக்கு 'கிரீன் பெரே' என்று பெயர் வந்தது. 12 பேர் கொண்ட சிறு குழுவாக எதிரி நாட்டுக்குள் நுழைவார்கள். உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே படையாக மாற்றுவதுதான் இவர்களின் தனிச்சிறப்பு. நேரடிச் சண்டையைவிட இதுதான் முக்கிய வேலை.

1954ல் இந்தப் படையில் இணைந்தார் பில்லி. 1960களில் அவரது குழு வியட்நாமுக்கு அனுப்பப்பட்டது.

செத்துவிட்டார் என நினைத்த எதிரிகள்

1965 ஜூன் மாதம், தெற்கு வியட்நாமின் போங் சோன் பகுதி. சிறிய முகாம் என்று நினைத்துத் தாக்கப்போன இடத்தில், எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பெரிய படை இருந்தது. பில்லியின் முழங்கால், பாதம், தலை என அடுத்தடுத்து குண்டுகள் பாய்ந்தன. மயங்கிக் கிடந்தவரைச் செத்துவிட்டார் என்று நினைத்த எதிரிகள், அவரது உடைகளைக்கூட உருவிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு சக வீரர்கள் அவரை மீட்டு ஹெலிகாப்டரில் ஏற்றினர்.

வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் பல மாதங்கள் சிகிச்சை. காலையே எடுக்க வேண்டி வருமோ என்ற நிலை. ஆனா 1966ல் மீண்டும் வியட்நாமுக்கே திரும்பிவிட்டார்.

எதிரியின் தாக்குதலில் காயம்படும் வீரர்களுக்கு அமெரிக்கா கொடுக்கும் பதக்கம் 'பர்ப்பிள் ஹார்ட்'. ஒன்று வாங்கினாலே பெரிய விஷயம். பில்லி வாங்கியது 8!

பெயரிலேயே ரகசியம்

அடுத்து அவர் சேர்ந்த பிரிவின் பெயர் 'ஆய்வு மற்றும் கண்காணிப்புக் குழு'. கேட்டால் ஏதோ அலுவலகத்தில் ஃபைல் பார்க்கும் வேலை மாதிரி இருக்கும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் அந்தப் பெயரே வைத்தார்கள்.

உண்மையில், வடக்கு வியட்நாம் தன் படைகளுக்கு ஆயுதமும் உணவும் கொண்டுபோன 'ஹோ சி மின் பாதை'யை உளவு பார்ப்பதும் சீர்குலைப்பதும்தான் இவர்களின் வேலை. அந்தப் பாதை லாவோஸ், கம்போடியா வழியாகப் போனது. அங்கே அமெரிக்கத் தரைப்படை இருப்பதையே அமெரிக்க அரசு வெளியில் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் இந்த வீரர்கள் அடையாள அட்டையோ, பதவியைக் காட்டும் சின்னமோ இல்லாமல்தான் போவார்கள். மாட்டினாலோ, இறந்தாலோ நாடு வெளிப்படையாக உரிமை கோர முடியாது.

'ஹேலோ' முறையில் குதித்துப் போருக்குள் நுழைந்த முதல் குழுக்களும் இந்தப் பிரிவில் இருந்துதான் வந்தன. அதாவது, மிக உயரத்தில் விமானத்தில் இருந்து குதித்து, தரைக்கு அருகில் வந்த பிறகே பாராசூட்டை விரிப்பது. விமானம் உயரத்தில் பறப்பதால் கீழே சத்தம் கேட்காது. பாராசூட்டும் கடைசி நேரத்தில் விரிவதால் கண்ணில் படாது. 1971 ஜூனில் அப்படி இரவில் குதித்த ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பில்லி. அப்போ அவருக்கு 41 வயது.

1972 பிப்ரவரியில் சார்ஜென்ட் மேஜராக ஓய்வு பெற்றார். அதிகாரி அல்லாத வீரர்களுக்கு அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்று இது.

தபால் துறையில் இருந்து சிஐஏவுக்கு

ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது தபால் துறை வேலை. சுமார் 5 ஆண்டுகள் அதில் இருந்தார். 1977ல் வந்த ஓர் அழைப்பு எல்லாவற்றையும் மாற்றியது.

லிபியாவின் சிறப்புப் படைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கேட்டவர், சிஐஏவில் முன்பு பணியாற்றிய எட்வின் வில்சன். ஆனா அது அமெரிக்க அரசு அனுப்பிய பணி அல்ல. கிளம்பும் முன் சிஐஏ பில்லியைத் தொடர்புகொண்டது. பயிற்சி கொடுத்துக்கொண்டே, அங்குள்ள ராணுவத் தளங்களைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டது. லிபியாவுக்கு ஆயுதம், வெடிபொருள் விற்ற வழக்குகளில் வில்சன் பின்னர் நீண்டகாலம் சிறையில் இருந்தார். பில்லிக்கு வந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்தே புரியும்.

அதன் பிறகு சிஐஏவின் ஒப்பந்த ஊழியராகப் பல நாடுகளில் வேலை. இதற்கு நடுவே, 50 வயதைத் தாண்டிய பிறகு கல்லூரியில் சேர்ந்து பட்டமும், முதுகலைப் பட்டமும் பெற்றார்.

சூடானில் இரண்டு பெரிய இலக்குகள்

1990களின் தொடக்கம். சூடான் தலைநகர் கார்ட்டூமில் இருவர் தங்கியிருந்தார்கள்.

ஒருவர், 'கார்லோஸ் தி ஜாக்கல்' என்று அழைக்கப்பட்ட இலிச் ராமிரஸ் சான்செஸ். 1975ல் வியன்னாவில் ஒபெக் அமைப்பின் கூட்டத்தில் புகுந்து அமைச்சர்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தவர். கார்ட்டூமில் அவரைக் கண்டுபிடித்து, தூரத்தில் மறைந்திருந்து படம் எடுத்த சிஐஏ குழுவில் பில்லி முக்கியமானவர். 1994 ஆகஸ்ட்டில் கார்லோஸ் பிடிபட்டு, பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1997ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இன்னொருவர், சவுதியைச் சேர்ந்த கோடீஸ்வரர். சூடானில் சாலை போடும் நிறுவனம் நடத்தினார். பெயர், ஒசாமா பின்லேடன்!

அப்போதே ஏன் தடுக்கவில்லை?

பில்லியின் கதையில் இன்றும் விவாதிக்கப்படுவது இதுதான். பின்லேடனைப் பலமுறை மிக அருகில் இருந்து கண்காணித்ததாகவும், அவரைக் கொல்வது கடினமாக இருந்திருக்காது என்றும் பில்லி பின்னாளில் கூறியிருக்கிறார். ஆனா அனுமதி இல்லை. ஏன்?

* அரசியல் படுகொலைகளில் அமெரிக்க அரசு ஊழியர்கள் ஈடுபடக் கூடாது என்று 1976ல் அதிபர் ஃபோர்டு உத்தரவிட்டார். 1981ல் அதிபர் ரீகன் அதை மறுபடி உறுதி செய்தார். சிஐஏவுக்காக வேலை செய்யும் ஒப்பந்த ஊழியர்களுக்கும் இது பொருந்தும்.

* அந்த நேரத்தில் பின்லேடன், தீவிரவாதக் குழுக்களுக்குப் பணம் கொடுப்பவராகத்தான் பார்க்கப்பட்டார். அமெரிக்க நீதிமன்றத்தில் அவர் மீது குற்றச்சாட்டு பதிவானதே 1998ல்தான்.

அதே ஆண்டு கென்யா, தான்சானியாவில் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டு 224 பேர் பலியானார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் கிட்டத்தட்ட 3,000 பேர் கொல்லப்பட்டனர்.

"அன்னிக்கே முடிச்சிருக்கலாமே" என்று இன்று சொல்வது எளிது. ஆனா சந்தேகத்தின் பேரில் மட்டும், வேறொரு நாட்டின் மண்ணில் ஒருவரைக் கொல்ல உளவாளிகளை அனுமதித்தால், அது எங்கே போய் நிற்கும்? அந்தத் தடை போடப்பட்டதே, வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்ல சிஐஏ போட்ட சதித்திட்டங்கள் 1975ல் செனட் விசாரணையில் அம்பலமான பிறகுதான்.

கடைசிப் போர்

2001ல் ஆப்கானிஸ்தானுக்கு சிஐஏ ஆட்களை அனுப்பியபோது, "நானும் வர்றேன்" என்று விடாமல் கேட்டு வாங்கினார் பில்லி. வாட்டும் குளிரில், பேரன் வயதுள்ள வீரர்களோடு தாலிபான்களுக்கு எதிரான களத்தில் இருந்தார். ஆனா பின்லேடன் அந்த டிசம்பரில் தப்பிவிட்டார். 2011 மே மாதம் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் அமெரிக்கப் படை அவரைக் கொன்றபோது பில்லிக்கு 81 வயது.

2023 ஏப்ரல் 4ம் தேதி, 93 வயதில் பில்லி காலமானார். அவரது அஸ்தியை பாராசூட் வீரர்கள் வானில் இருந்து குதித்துத் தூவினார்கள்.

8 பர்ப்பிள் ஹார்ட், சில்வர் ஸ்டார் எல்லாம் உலகத்துக்குத் தெரிந்தவை. லாவோஸ் காட்டிலும், லிபியாவிலும், கார்ட்டூம் தெருக்களிலும் அவர் செய்த வேலைகளை, அவை நடந்த நேரத்தில் அவரது நாடு வெளியில் சொல்லவே இல்லை.