நுண்துளியின் ஆரமும் ஒளிவிலகல் எண்ணும்: ஒத்ததிர்வு வழி அளவீடு

வளிமண்டலத்தில் மிதக்கும் உப்புக்கரைசல் நுண்துளி ஈரத்தை ஈர்க்கும்போது அதன் ஆரம் பெருகுகிறது. கரைசல் நீர்த்துப்போவதால் ஒளிவிலகல் எண் தூயநீருக்குரிய 1.33-ஐ நோக்கிக் குறைகிறது. துளி சூரிய ஒளியைச் சிதறடிக்கும் அளவு இவ்விரண்டையும் சார்ந்தது. ஆகவே, ஒன்றை ஊகித்துக்கொண்டு மற்றொன்றைக் கணிப்பது பிழைக்கு இடந்தரும்.

துளியின் உட்பரப்பையொட்டி முழு அகப் பிரதிபலிப்பால் சுற்றிவரும் ஒளி, அப்பாதையில் ஏறத்தாழ முழு எண்ணிக்கையிலான அலைநீளங்கள் அடங்கும்போது ஒத்ததிர்வு அடைகிறது. லேசரால் மிதக்கவைத்த துளிகளில் இதனை ஆஷ்கினும் ஜீட்ஜிக்கும் 1977-இல் கண்டறிந்தனர். ஒரேயோர் ஒத்ததிர்வு, ஏறத்தாழ ஆரம், ஒளிவிலகல் எண் ஆகியவற்றின் பெருக்கத்தையே தரும். பல ஒத்ததிர்வுகளின் அலைநீளங்களை, குஸ்தாவ் மீ 1908-இல் வெளியிட்ட கோளச் சிதறல் கோட்பாட்டோடு ஒப்பிடும்போதே இரண்டும் தனித்தனியே கிடைக்கின்றன.